எம்.எட். ஆய்வு: பிள்ளைகளுக்கு நடுவில் நடப்பதை எடுக்கலாமா, வழக்கமான 'தன்மதிப்பும் கல்வி அடைவும்' போதுமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியில் சில வருஷம் தமிழ் எடுத்துவிட்டு இப்போது எம்.எட். படிக்கிறேன். அடுத்த கல்வியாண்டில் ஆய்வேடு. கல்வி உளவியலில்தான் செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை, தலைப்பில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எனக்குள் உட்கார்ந்துகொண்ட விஷயம் இதுதான். எட்டாம் வகுப்பில் குழு வேலை கொடுத்து, "நீங்களே ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் ஒரு நிமிடம்கூட ஆகாது. யாரும் யாரையும் கேட்பதில்லை, முன்னாலேயே பேசி வைத்த மாதிரி பிரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம், பஸ்ஸில் வருகிற நாலைந்து பேர் தனியாக. ஒரே ஒரு பெண் மட்டும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரும்பலகை ஓரத்தில் நிற்பாள். நான் பெயர் சொல்லி ஒரு குழுவில் உட்கார வைத்தால் உட்கார்வாள், அந்தப் பீரியட் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். கணக்கில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை. அதே பிள்ளை மதியம் சத்துணவு வரிசையில் நிற்கும்போது பார்க்க வேண்டும், அவள் குரல்தான் வராண்டா முழுக்கக் கேட்கும். கூச்ச சுபாவம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. சுபாவம் என்றால் அது வரிசையில் எங்கே போனது?

இதைத்தான் படிக்க ஆசை. பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆசிரியர் யாரை எழுப்பிக் கேள்வி கேட்கிறார், அது படிப்பை என்ன செய்கிறது. கைடிடம் சொன்னேன். நல்ல மனிதர், திட்டவில்லை. "அம்மா, அதெல்லாம் பி.எச்டி. பண்ணும்போது பார்த்துக்கொள். இப்போ மேல்நிலை மாணவர்களின் தன்மதிப்பும் கல்வி அடைவும் என்று எடு, 300 பேரிடம் கேள்வித்தாள் கொடு, ஆண்-பெண், கிராமம்-நகரம், அரசு-தனியார் என்று டி-டெஸ்ட் போடு, ஒரு கோரிலேஷன், முடிந்தது" என்கிறார். இரு தரப்பின் சராசரியை ஒப்பிடுவது ஒன்று, இரண்டு அளவுகளும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது இன்னொன்று, அவ்வளவுதான். அந்த மாதிரி ஆய்வேடுகள் எங்கள் நூலகத்தில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் இன்னொன்று.

நான் கேட்பது: எம்.எட். காலத்துக்குள் நான் நினைப்பதைச் செய்ய முடியுமா? எப்படி அளப்பது? இதையே தொடர்ந்து பி.எச்டி. போக வேண்டுமென்றால் கல்வியியலா, உளவியலா?


குடந்தை வாத்தியார் எழுதியது:

முடியும். கைடு சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கையில் பல பிள்ளைகள் இருப்பார்கள், எல்லோரும் குறிப்பிட்ட தேதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். 300 கேள்வித்தாள் என்பது எங்கேயும் மாட்டிக்கொள்ளாத வழி. அதனால் அவரை எதிர்க்கப் போகாமல் அவருக்குப் பழக்கமான உருவத்துக்குள் உங்கள் கேள்வியைக் கொண்டுபோங்கள். கல்வி அடைவு, அதாவது பிள்ளையின் மதிப்பெண், என்ற மாறி இருக்கட்டும். தன்மதிப்பு இருந்த இடத்தில் "வகுப்புத் தோழர்களிடையே அந்தப் பிள்ளையின் இடம்" என்பதை வையுங்கள். அதை எண்ணாக எடுக்க முடியும் என்று காட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும் அவருக்கு.

எண்ணாக எடுக்கிற வழி ரொம்பப் பழசு. ஜேக்கப் மொரேனோ 1934 இல் எழுதிய புத்தகத்திலிருந்து வருகிறது, நாம் பி.எட்.டில் சோசியோகிராம் என்று ஒரு பக்கத்தில் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் படம் வரைந்துவிட்டு மறந்துபோன அதே விஷயம். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: குழு வேலை வந்தால் யாரோடு சேர்ந்து செய்ய விரும்புகிறாய், மூன்று பேர் சொல். ஒவ்வொரு பதிலும் ஓர் அம்பு. முப்பது பேர் இருந்தால் தொண்ணூறு அம்பு. யாருக்கு அதிகம் வருகிறது, யாருக்கு ஒன்றுமே வரவில்லை, எது இரண்டு பக்கமும் போகிறது என்று சார்ட் தாளிலேயே தெரிந்துவிடும்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு வருத்தம் அங்கேதான். படம் வரைந்து "குழுக்கள் காணப்பட்டன" என்று எழுதுவதில் ஒன்றுமில்லை. உங்கள் வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். முப்பது பேரில் இந்தப் பக்கம் 18, அந்தப் பக்கம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு பார்க்காமல் பிள்ளைகள் தோழர்களைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை அம்பு வாய்க்காலைத் தாண்டும்? 18 பேரில் ஒருத்தருக்கு மீதியுள்ள 29 பேரில் 12 பேர் அந்தப் பக்கம், ஆக அவர்களுடைய 54 அம்பில் சுமார் 22 தாண்ட வேண்டும். அந்தப் பக்கத்து 12 பேரின் 36 அம்பில் 29க்கு 18 என்ற கணக்கில் அதுவும் சுமார் 22. மொத்தம் தொண்ணூறில் 45 பக்கம் தாண்டியிருக்க வேண்டும். நீங்கள் எண்ணிப் பார்க்கும்போது பத்துதான் இருந்தால், அந்த முப்பத்தைந்து அம்பு எங்கே போயிற்று என்பதுதான் உங்கள் ஆய்வு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் கணக்கை ஒரு ஸ்லைடில் போடுங்கள், அதற்கு மேல் "இது எப்படி அளவீடு ஆகும்" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆண், பெண் விஷயத்தையும் மறக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் பெரும்பாலான அம்புகள் ஆணிடமிருந்து ஆணுக்கு, பெண்ணிடமிருந்து பெண்ணுக்குத்தான் போகும். அதைப் பிரித்துப் பார்க்காமல் தெருக் கணக்கு போட்டால் தப்பாகிவிடும்.

ஆசிரியர் பக்கம் வேண்டுமென்றால் ஜியர் ப்ரோஃபி, தாமஸ் குட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970 இல் செய்ததைப் படியுங்கள். நாலே நாலு ஒன்றாம் வகுப்பு அறைகள். ஆசிரியர்கள் யாரைக் கெட்டிக்காரர் என்று நினைக்கிறார்கள், யாரைச் சுமார் என்று நினைக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சையும் குறித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை சரியாகச் சொன்னால் பாராட்டு கிடைத்த அளவுக்கு, சுமார் என்று நினைத்த பிள்ளை சரியாகச் சொன்னபோது கிடைக்கவில்லை. தப்பாகச் சொன்னால் திட்டு மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக விழுந்தது. சாம்பிள் போதாது என்று யாராவது சொன்னால் இந்த நாலு வகுப்பைச் சொல்லுங்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு.

மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் செய்தது இன்னும் எளிது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும் இதற்கு. நம் ஊர்த் தமிழ் வகுப்பில் செய்து பார்த்த யாரையும் நான் சந்தித்ததில்லை, நீங்கள் செய்யுங்கள்.


கடைமடை எழுதியது:

நான் உளவியலில் பி.எச்டி. பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சில இடங்களில் மட்டும் எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்தத் துறையில் புகழ்பெற்ற ஆய்வுகள் ஆளை மயக்கும். எல்லா ஆய்வேட்டிலும் இரண்டாம் அத்தியாயத்தில் ரோசந்தால், ஜேக்கப்சன் 1968 வரும். எந்தப் பிள்ளை திடீரென்று மலரும் என்று சீட்டுக் குலுக்கல் மாதிரி பெயர் எடுத்து ஆசிரியரிடம் கொடுத்தார்கள், அந்தப் பிள்ளைகளின் ஐ.க்யூ. உயர்ந்தது என்று கதை. உண்மையில் அந்த உயர்வு முதல் இரண்டு வகுப்புகளில்தான் தெளிவாக இருந்தது, மேல் வகுப்புகளில் இல்லை. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஜஸ்ஸிமும் ஹார்பரும் 2005 இல் எழுதினார்கள். ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுகிறது என்பது நிஜம், ஆனால் பொதுவாக அந்த விளைவு சின்னது. ஆசிரியரின் கணிப்பு பல நேரம் சரியாகவே இருப்பதால்தான் அது பலித்த மாதிரி தெரிகிறது. ஒதுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளிடம் மட்டும் விளைவு பெரிதாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். அந்தக் கடைசி வரி நம் ஊருக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

இதே மாதிரிதான், "உன் கூட்டத்தார் இதில் மோசம்" என்று நினைவூட்டினால் மார்க் குறையும் என்கிற ஸ்டீல், ஆரன்சன் 1995 ஆய்வும். நெதர்லாந்தில் 2018 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம், பெண்களும் கணக்கும் என்ற விஷயத்தில் செய்து பார்த்தபோது விளைவு தெரியவில்லை. ஆனால் சாதியை வைத்து கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேவும் உத்தரப் பிரதேசத்தில் செய்து 2006 இல் வெளியிட்டது வேறு கதை. ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்கள் ஆறு ஆறு பேராக உட்கார்ந்து காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர் போட வேண்டும். சாதியைச் சொல்லாதபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். ஒவ்வொருவர் பெயர், அப்பா பெயர், ஊரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்ட புதிர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பையன் அதே பையன், புதிரும் அதே புதிர். தோழர் வெண்ணாற்றங்கரை, உங்கள் மாணவி சத்துணவு வரிசையில் ஒரு மாதிரி, குழுவில் ஒரு மாதிரி இருப்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். திறமை அவளுக்குள்ளே மாறவில்லை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வகுப்பில் சாதியை வாசித்துப் பார்க்கும் சோதனை செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, புள்ளியியல். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பது பேர் முப்பது தனித்தனி ஆட்கள் இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே சண்டை, ஒரே மின்விசிறி. ஒருத்தர் பதில் இன்னொருத்தர் பதிலை இழுக்கும். சாதாரண கோரிலேஷன் போட்டால் தற்செயலாக வந்ததைக்கூட நிஜமான தொடர்பு மாதிரி காட்டிவிடலாம். குறைந்தது வகுப்பைக் கணக்கில் எடுக்கிற மல்டிலெவல் முறை, அல்லது சார் சொன்ன அம்புகளைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை கலைத்துப் போட்டு, நீங்கள் பார்த்த எண் எவ்வளவு அபூர்வம் என்று பார்க்கும் முறை. இரண்டுக்கும் ஆர் என்ற மென்பொருள் இலவசம். உங்களுக்கு இரண்டாவதுதான் சுலபம், சொல்லிக் கொடுக்க நான் தயார்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். படிக்கிற பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். சேர்ந்ததால் படித்தார்களா, படிப்பதால் சேர்ந்தார்களா? ஒரே தடவை கேட்டால் எந்தக் காலத்திலும் தெரியாது. இரண்டு தடவையாவது கேட்க வேண்டும். ஆர்சியெனா (RSiena) என்று ஆர் மென்பொருளுக்கான ஒரு நிரல் தொகுப்பு இதைப் பிரித்துப் பார்க்கத்தான் எழுதப்பட்டது, அதைப் பி.எச்டி.க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு முறை டேட்டா எடுப்பதை எம்.எட்.டிலேயே செய்துவிடுங்கள்.


உப்பங்கழி எழுதியது:

வேதாரண்யம் ஒன்றியத்தில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன்.

எப்போது வருகிறீர்கள் என்பது முக்கியம். ஜூன், ஜூலையில் புதுப் பிள்ளைகள் இன்னும் பெயரே சரியாகத் தெரியாமல் இருப்பார்கள். ஆகஸ்டில் முதல் தடவை கேளுங்கள். செப்டம்பரில் காலாண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கம் மழை, எந்த நாள் லீவு என்று கலெக்டர் காலையில் சொல்வதுவரை தெரியாது, அப்போது வருகைப்பதிவை நம்பி எதையும் செய்யாதீர்கள். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் இரண்டாம் தடவை. நடவு நாட்களில் அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிற வீடுகளில், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கூட்டி வருகிற மூத்த பெண் பிள்ளை முதல் பீரியட் முடிந்துதான் வருவாள். எங்கள் பக்கம் உப்பள வேலைக்குப் போகிற வீடுகளிலும் இதேதான். குழு பிரிப்பது முதல் பீரியடில் நடந்தால் அந்தப் பிள்ளை எப்போதும் மிச்சமாகத்தான் நிற்பாள். உங்கள் மாணவி எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருகிறாள் என்று பார்த்தீர்களா? நான் குறை சொல்லவில்லை, தெருவை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு ஒரு மாற்றம் பார்க்கிறேன். 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கி ஆரம்பித்து வைத்தார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் அது. ஆனால் சீக்கிரம் வந்து சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த அரைமணி நேரத்தில் யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்பது வகுப்பறை மாதிரி இல்லை. தட்டு எடுத்த வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். யாராவது இதைப் படித்தால் நன்றாக இருக்கும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன்.

சாதி விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் அதைக் கேட்காதீர்கள், எழுதவும் சொல்லாதீர்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் கணினி மாணவர் பதிவேடு) பதிவில் இருக்கிறது, பெற்றோர் ஒப்புதலும் அலுவலக அனுமதியும் இருந்தால் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுத் தருவோம். அதேபோல "யாரோடு சேர மாட்டாய்" என்ற கேள்வியைச் சில படிவங்களில் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம். ஆய்வாளர் தாளைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். யார் பெயரை எழுதினாய் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டு அடித்துக்கொள்வது எங்கள் வராண்டாவில்தான் நடக்கும். ஒருத்தரிடமிருந்தும் அம்பு வராத பிள்ளையை "யாரோடு சேர விரும்புகிறாய்" என்ற நேர்க் கேள்வியிலிருந்தே கண்டுபிடிக்கலாம் அல்லவா? அது போதும்.

சாதியின் பெயரால் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு கூடாது என்பதை எல்லோரும் பேசினார்கள், பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை இருந்ததை அவ்வளவாகப் பேசவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். பெஞ்சை மாற்றினால் அம்பு மாறுமா? பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டு மணி அடித்ததும் பழையபடி பிரிந்து போகிறார்களா? என் பள்ளியில் இரண்டு வகுப்பு தருகிறேன், வந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வருகிறவர்கள் எல்லோரும் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு போகிறார்கள், முடிவு என்ன என்று ஒரு பக்கம்கூட எங்களுக்கு வந்ததில்லை. நீங்கள் ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்தால், ஆசிரியர் கூட்டத்தில் வாசிப்பேன்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஹெச்.எம். சார் கேட்ட பிறகு பழைய வருகைக் குறிப்பைத் தோழி ஒருத்தி மூலம் பார்த்தேன். அந்தப் பிள்ளை தாமதமாக வருகிறவள் இல்லை. ஆனால் அவள் ஏழாம் வகுப்புப் பாதியில் வேறு பள்ளியிலிருந்து வந்தவள், அப்பா திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊர் திரும்பியபோது. காலனிப் பிள்ளைதான், ஆனால் காலனிப் பிள்ளைகளோடும் ஐந்தாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்தவள் இல்லை. இரண்டு பக்கமும் இடம் இல்லாமல் போயிருக்கிறது. நான் தெரு என்ற ஒரே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. ஆக எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதையும் ஒரு மாறியாக வைக்கிறேன்.

சேர்ந்து உட்கார வைத்தால் மாறுமா என்பதைப் பற்றி இன்னும் சொல்ல முடியுமா? அப்புறம் பி.எச்டி. கேள்வி யாரும் தொடவில்லை.


குடந்தை வாத்தியார் எழுதியது:

சும்மா பக்கத்தில் உட்கார வைப்பதால் மட்டும் நடக்காது. கார்டன் ஆல்போர்ட் 1954 இலேயே இதற்கு நிபந்தனைகள் சொன்னார். இரண்டு தரப்பும் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், போட்டியில்லாமல் ஒத்துழைக்க வேண்டும், மேலே இருக்கிறவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். நம் பள்ளிக் குழு வேலையில் நடப்பது என்ன? நன்றாக எழுதுகிற ஒரு பிள்ளை சார்ட்டை எழுதும், இன்னொரு பிள்ளை ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளும், மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே சம நிலை எங்கே வந்தது?

எலியட் ஆரன்சன் 1971 இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பு, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்புக்கு வந்து அடிதடி நடந்துகொண்டிருந்தபோது செய்தது அதனால்தான் வேலை செய்தது. பாடத்தை ஐந்தாறு துண்டாக்கினார். ஒரு துண்டு ஒரு பிள்ளையிடம் மட்டுமே இருக்கும். அந்தப் பிள்ளை சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அந்தப் பகுதி கிடைக்காது, பரீட்சையிலோ முழுப்பாடமும் வரும். ஒதுக்கி வைத்த பிள்ளையின் வாயைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை எல்லோருக்கும் வந்தது. எட்டாம் வகுப்புத் தமிழில் ஓர் உரைநடைப் பாடத்தை இப்படிப் பிரிப்பது கஷ்டமே இல்லை. ஹெச்.எம். சார் தருகிற இரண்டு வகுப்பில் ஒன்றில் அகர வரிசை மட்டும், இன்னொன்றில் அகர வரிசையோடு இந்த முறையும் என்று வைத்து, ஆகஸ்டிலும் ஜனவரியிலும் அம்புகளை எண்ணலாம். இரண்டே வகுப்பை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், எம்.எட்.டுக்கு அது தாராளம்.

டெல்லியில் கௌதம் ராவ் செய்து 2019 இல் வந்த ஆய்வையும் பாருங்கள். வசதியான தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கச் சொன்ன பிறகு, அவர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கொடுப்பதில் தாராளமாகவும், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவதில் குறைவாகவும் இருந்தார்கள். ஒரே படிப்புக் குழுவில் போடப்பட்டதே அதற்குப் பெரிய காரணமாக இருந்தது. நம் பக்கம் மெட்ரிக் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளை வைத்து இதை யாராவது எடுக்க வேண்டும்.


கடைமடை எழுதியது:

பி.எச்டி. பற்றி. கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், டயட் எனப்படும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் (குருக்கத்தி மாதிரி இடங்கள்) என்று போக நினைத்தால் கல்வியியலிலேயே தொடருங்கள், எம்.எட். அதற்கான பட்டம். உளவியல் துறையில் வேலை வேண்டுமென்றால் உளவியலில் முதுகலை கேட்பார்கள், எம்.எட்.டை வைத்துக்கொண்டு உளவியல் பி.எச்டி.க்கு விண்ணப்பித்தால் பல இடங்களில் தகுதிப் பட்டியலிலேயே நின்றுவிடும். ஆய்வுக் கேள்வி ஒன்றேதான், வேலைக் கதவு வேறு வேறு. அதனால் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதும்போதும் எந்தப் பாடத்தில் எழுதுகிறீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து பல்கலைக்கழகங்கள் நெட் மதிப்பெண்ணைப் பி.எச்டி. சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் "பி.எச்டி. மட்டும்" என்ற பிரிவில் வரலாம், அதில் நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30, மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும். ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்" என்று கேட்பவர்களுக்கு அதைவிடச் சிறந்த பதில் கிடையாது.

நம் பக்கம் திருச்சியில் பாரதிதாசன், அண்ணாமலை நகர், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்று வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் போகாமலே இடங்கள் இருக்கின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைடு கடைசியாக எழுதிய நாலைந்து கட்டுரைகளை எடுத்துப் படியுங்கள். எல்லாமே ஒரே கேள்வித்தாள், வேறு வேறு மாவட்டம் என்றால் உங்களுக்கு இதே சண்டை இன்னும் மூன்று நாலு வருஷம் நடக்கும். அவரிடம் ஏற்கெனவே படிக்கிறவர்களைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். பள்ளிக்குள் போய் உட்கார்ந்து பார்க்கிற ஆராய்ச்சிக்கு நேரம் கொடுப்பாரா, அனுமதிக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட இழுக்காமல் இருப்பாரா, இதுதான் தெரிய வேண்டும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

நேற்று கைடைப் பார்த்தேன். 45 அம்புக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இதில் அடைவு மதிப்பெண் எங்கே வருகிறது?" என்று கேட்டார். காலாண்டு, அரையாண்டு மார்க் இரண்டும் எடுக்கிறேன் என்றேன். நான்கு வகுப்பு எடு, இரண்டு போதாது என்றார், சரி என்றேன். தலைப்பில் 'கல்வி அடைவு' இருக்க வேண்டுமாம், இருக்கட்டும். வேதாரண்யத்தில் இரண்டு, நீடாமங்கலம் பக்கம் இரண்டு. யார் பக்கத்தில் யார் என்பது, ஆசிரியர் காத்திருக்கும் விநாடி, இரண்டையும் எடுக்கிறேன். மதிய உணவு வரிசையையும் குறிக்கப் போகிறேன், அது ஆய்வேட்டில் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஹெச்.எம். சார், முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? நான் பார்த்ததெல்லாம் ஆங்கிலத்தில், கீழே கைரேகை வைக்க ஓர் இடம்.


உப்பங்கழி எழுதியது:

கடிதத்தில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை பீரியட், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று கேள்விகளையே இணைத்துவிடுங்கள், கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு. போட்டோ, வீடியோ எடுக்க மாட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால் சீக்கிரம் நகரும். படிவத்தைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்காதீர்கள். பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளில் வாருங்கள், நானே நேரில் படித்துச் சொல்கிறேன், வேண்டாம் என்கிறவர்கள் வேண்டாம் என்று அங்கேயே சொல்லட்டும். தமிழ்ப் படிவம் ஒன்று என்னிடம் இருக்கிறது, தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நாலாவது பத்தியில் "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கிறது, அதைப் பெரிதாக்கி மேலே கொண்டு வாருங்கள்.